சுட்டவனும் பார்த்துச் சொன்னவனும்

போன மாதம் நண்பர் ஒருவர் ரெட் பேரன் (Red Baron) என்ற ஜெர்மன் போர் விமானியைப் பற்றி ஏதோ காணொளி பார்த்துவிட்டு ராத்திரி பத்தரை மணிக்குப் போன் செய்தார். "ஒரே ஆளு எண்பது விமானத்தைச் சுட்டுத் தள்ளியிருக்கான். அப்படிப்பட்ட ஆளுங்க அத்தனை பேர் இருந்தும் ஜெர்மனி எப்படிப்பா தோத்துச்சு?" நியாயமான கேள்விதான். முதல் உலகப் போர் விமானங்கள் என்றாலே எல்லோருக்கும் ரெட் பேரன் என்கிற மன்ஃப்ரெட் ஃபான் ரிக்டோஃபனும் அவருடைய சிவப்பு விமானமும்தான் ஞாபகத்துக்கு வரும். "அந்த எண்பது போரோட கணக்கிலேயே வராது" என்று ஒரு வரியில் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, விரிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் போரில் மேற்கு முனையில், அதாவது பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம், செத்தவர்களிலும் காயம்பட்டவர்களிலும் பாதிக்கு மேல் பீரங்கிக் குண்டுக்கு இரையானவர்கள். துப்பாக்கிக்கும் விஷவாயுவுக்கும் இரண்டாம் மூன்றாம் இடம்தான். அந்தப் பீரங்கிகளை இயக்கியவர்களோ தாங்கள் சுடும் இலக்கைக் கண்ணால் பார்த்ததே கிடையாது. இலக்கு ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும். குண்டு எங்கே விழுந்தது, எவ்வளவு தள்ளி விழுந்தது என்று யாராவது பார்த்துச் சொன்னால்தான் அடுத்த குண்டைத் திருத்திப் போட முடியும். பார்த்துச் சொன்ன ஆள் மேலே பறந்துகொண்டிருந்தான். விமானம் அந்தப் போரில் செய்த பெரிய வேலை இதுதான் என்பது என் கட்சி. ரிக்டோஃபன் மாதிரி ஆட்கள் இந்த வேலையைக் கெடுக்கவோ காக்கவோ வந்தவர்கள்.

1903 டிசம்பரில் ரைட் சகோதரர்களின் முதல் பறத்தல் 12 விநாடி. எட்டு வருஷம்கூட ஆகவில்லை, 1911-ல் லிபியாவுக்காக இத்தாலியும் துருக்கியும் மோதிக்கொண்டபோது விமானம் போருக்கு வந்துவிட்டது. அக்டோபர் 23 அன்று கார்லோ பியாட்ஸா என்ற கேப்டன் டிரிபோலியிலிருந்து கிளம்பி, துருக்கிப் படைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத் திரும்பினார். நவம்பர் 1 அன்று ஜூலியோ கவோத்தி என்ற லெஃப்டினன்ட் சின்னச் சின்னதாக நான்கு குண்டுகளை எடுத்துக்கொண்டு போய் ஐன் ஸாராவிலும் தஜூராவிலும் கையால் வீசினார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு கிலோ. பெரிய சேதம் ஒன்றும் இல்லை. ஆனால் பத்திரிகைகள் கொண்டாடியது கவோத்தியைத்தான். பியாட்ஸாவை இன்று யாருக்குத் தெரியும்? பார்த்துவிட்டு வந்தவனை மறப்பதும் குண்டு போட்டவனை நினைவில் வைப்பதும் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் ஃப்ளையிங் கோர் பிரான்சுக்குக் கொண்டுபோனது அறுபதுக்குச் சற்று மேற்பட்ட விமானங்கள். எதிலும் துப்பாக்கி பொருத்தப்படவில்லை. 19-ஆம் தேதி மோபேஜிலிருந்து முதல் வேவுப் பயணம். ஃபிலிப் ஜூபெர் த லா ஃபெர்ட்டே ஒரு விமானத்தில், கில்பர்ட் மேப்பிள்பெக் இன்னொன்றில். மேகத்தில் இரண்டு பேருமே வழியைத் தொலைத்தார்கள். மேப்பிள்பெக் பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்கு மேலேயே பறந்தும் அது பிரஸ்ஸல்ஸ் என்று அடையாளம் தெரியவில்லை. ஜூபெர் வயல்வெளியில் இறங்கி ஊர்க்காரர்களிடம் வழி கேட்டார். அப்புறம் மறுபடி தொலைந்து, மறுபடி இறங்கி, மறுபடி கேட்டார். போதாததற்குச் சொந்தப் படையே கீழேயிருந்து சுட்டது. வானத்தில் எது பறந்தாலும் சிப்பாய் சுடுவான். அதைத் தடுக்க இறக்கைக்கு அடியில் யூனியன் ஜாக் கொடியை வரைந்தார்கள். உயரத்தில் அந்தச் சிலுவையும் ஜெர்மன் சிலுவையும் ஒரே மாதிரி தெரிந்ததால் சூடு நிற்கவில்லை. கடைசியில் பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து வட்டத்துக்குள் வட்டம் வரைந்தார்கள்.

இந்த லட்சணத்தில் ஆரம்பித்த வேலை, இரண்டே வாரத்தில் ஒரு போரின் போக்கை மாற்ற உதவியது. ஃபான் குளுக்கின் ஜெர்மன் முதலாம் படை பாரிஸை மேற்குப் பக்கமாகச் சுற்றி வளைக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். செப்டம்பர் முதல் நாட்களில் அது தென்கிழக்கே திரும்பி, பாரிஸுக்குக் கிழக்காக நடந்துகொண்டிருந்தது. தன் வலது விலாவைப் பாரிஸ் பக்கம் திறந்து காட்டியபடி. பாரிஸ் காவற்படையின் விமானிகளும் பிரிட்டிஷ் விமானிகளும் மேலேயிருந்து பார்த்தது இதைத்தான்: ரோடு முழுக்கத் தூசி, அந்தத் தூசி போகும் திசை தப்பு. விமானம் மட்டுமே இதைக் கண்டுபிடித்தது என்று சொன்னால் அது மிகை. செத்த ஜெர்மன் அதிகாரி ஒருவரிடம் கிடைத்த வரைபடமும் அதையே காட்டியது. ஆனால் வரைபடம் திட்டத்தைத்தான் காட்டும். திட்டப்படிதான் நடக்கிறது என்று உறுதி சொன்னது விமானம். பாரிஸின் ராணுவ ஆளுநர் கல்லியேனி அந்த விலாவில் அடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், தளபதி ஜோஃபர் சம்மதித்தார், மார்ன் யுத்தத்தில் ஜெர்மானியர்கள் பின்வாங்கினார்கள். அந்த யுத்தத்தில் இன்றும் எல்லோரும் பேசுவது, சிப்பாய்களை ஏற்றிப்போன பாரிஸ் டாக்சிகளைப் பற்றித்தான். டாக்சி பார்க்க அழகான கதைதான், மறுக்கவில்லை.

அதே வருஷக் கடைசியில் சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து கடல்வரை பதுங்குகுழிகள் வந்துவிட்டன. காலங்காலமாக எதிரியை வேவு பார்த்தது குதிரைப்படை. சுற்றிப் போக ஓரமே இல்லாத முட்கம்பி வேலியில் குதிரை என்ன செய்யும்? மேலே போவது ஒன்றே வழி.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

பி.இ.2சி என்று ஒரு பிரிட்டிஷ் விமானம். ஃபார்ன்பரோவில் இருந்த அரசுத் தொழிற்சாலையில் வடிவமைத்தது. இரண்டு இருக்கை, இரட்டை இறக்கை, வேகம் மணிக்கு 115 கிலோமீட்டர் மாதிரி. கையை எடுத்தாலும் ஆடாமல் அசையாமல் பறக்கும். அப்படிப் பறக்க வேண்டும் என்றே செய்தது. ஓட்டுகிறவன் ஓட்டுவதிலேயே கவனமாக இருந்தால் கீழே யார் பார்ப்பது? பீரங்கிக்கு இலக்குச் சொல்லும் வேலையில் பெரும்பாலும் பைலட்டே குண்டு விழுவதைப் பார்த்து ஒயர்லெஸ்ஸில் தட்டுவான். முன் இருக்கையில் உள்ள அப்சர்வர் எதிரி விமானம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

போரின் ஆரம்பத்தில் அந்த ஒயர்லெஸ் பெட்டி கிட்டத்தட்ட 35 கிலோ. அதை ஏற்றினால் அப்சர்வரை இறக்க வேண்டும். 1915-ல் பத்துக் கிலோவுக்குள் அடங்கும் ஸ்டெர்லிங் கருவி வந்தது. ஆன்டெனா என்பது ஒரு நீளமான செம்புக் கம்பி, நுனியில் ஈயக் குண்டு. மேலே போனதும் உருளையைச் சுற்றி நூறு அடிக்கும் மேலே கம்பியை வெளியே விட வேண்டும், அது விமானத்துக்குப் பின்னால் வாலாகத் தொங்கும். இறங்குமுன் மறக்காமல் சுற்றி எடுக்க வேண்டும். அந்தக் கருவியில் அனுப்பத்தான் முடியும், வாங்க முடியாது. கீழே இருப்பவர்கள் பதில் சொல்ல ஆசைப்பட்டால் வெள்ளைத் துணிப் பட்டைகளைத் தரையில் எழுத்து வடிவில் விரித்து வைப்பார்கள். மேலே இருப்பவன் அதைப் படித்துக்கொள்வான்.

சரி, மேலேயிருந்து என்ன சொல்வது? "கொஞ்சம் இடது பக்கம்" என்றால் யாருடைய இடது? இதற்கு இரண்டு பிரிட்டிஷ் விமானிகள், லூயிஸும் ஜேம்ஸும், கடிகார முறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இலக்கை நடுவில் வைத்துச் சுற்றிலும் வட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். 10 கஜ வட்டம் ஒய், 25 கஜம் இசட், 50 கஜம் ஏ, 100 கஜம் பி, 200 கஜம் சி, இப்படிப் போகும். திசைக்குக் கடிகார மணி, 12 என்றால் நேர் வடக்கு. குண்டு இலக்குக்கு மேற்கே 200 கஜம் தள்ளி விழுந்தால் பைலட் மோர்ஸில் 'சி 9' என்று மட்டும் தட்டுவான். இரண்டே எழுத்து. கீழே பேட்டரியில் (பீரங்கித் தொகுதியில்) இருப்பவர் வரைபடத்தின் மேல் கண்ணாடித்தாள் வட்டத்தை வைத்துப் பார்த்து, பீரங்கியைத் திருத்துவார். அடுத்த குண்டு. 'ஏ 3'. இன்னும் ஒன்று. 'இசட் 6'. அவ்வளவுதான், இனி அந்த இடத்தில் இருப்பவர்களுக்கு விமோசனம் இல்லை.

நகர்ந்துகொண்டிருக்கும் படை மாதிரி பெரிய இலக்கு கண்ணில் பட்டால், எட்டக்கூடிய தூரத்தில் உள்ள அத்தனை பீரங்கிகளையும் ஒன்றாகக் கூப்பிடவும் குறியீடு இருந்தது. 115 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் மரமும் துணியுமான ஒரு பொருள், தன்னிடம் ஒரு குண்டுகூட இல்லாமல், ஒரு பட்டாலியனை அழிக்க முடிந்தது. எண்பது விமானம் சுட்டவர் எத்தனை பேரைக் கொன்றிருப்பார்? இந்தப் பெயர் தெரியாத பைலட் ஒரே மதியத்தில் அதைத் தாண்டியிருக்கக்கூடும். பெருமைக்காகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன்.

இதற்குப் பக்கத்திலேயே புகைப்படம் வளர்ந்தது. 1915 மார்ச் 10 அன்று பிரான்சில் தொடங்கிய நவ் ஷாப்பெல் தாக்குதலுக்கு முன்பு, எதிரியின் பதுங்குகுழி அமைப்பு முழுவதையும் வானிலிருந்து படம் பிடித்து, அதை 1:8,000 அளவில் வரைபடமாக்கி, தாக்கப்போகும் அதிகாரிகள் கையில் கொடுத்திருந்தார்கள். அதுவரை எந்தப் பிரிட்டிஷ் அதிகாரியும் தான் குதிக்கப்போகும் குழியின் வளைவு நெளிவை முன்கூட்டியே பார்த்ததில்லை. கேமரா என்றால் நம் கைக்கடக்கமான கேமரா இல்லை. மரப்பெட்டி. அதை விமானத்துக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு, கம்பளிக் கையுறை போட்ட விரலால் கண்ணாடித் தகட்டை மாற்ற வேண்டும். முதல் படத்துக்குப் பதினொரு செய்கை, அடுத்த ஒவ்வொன்றுக்கும் பத்து. மார்ச் மாதக் குளிரில், எதிர்க்காற்றில், கீழேயிருந்து சுட்டுக்கொண்டிருக்கும்போது.

அந்தத் தாக்குதலில் இறங்கியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இந்தியச் சிப்பாய்கள். மீரட் டிவிஷனின் கட்வாலிகள் முதல் வரிசையில் போனார்கள். கபர் சிங் நேகிக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது அங்கேதான், அதை வாங்க அவர் உயிரோடு இல்லை. கிராமம் ஒன்றரை மணி நேரத்துக்குள் கைக்கு வந்தது. அப்புறம் நின்றுவிட்டது. கட்வாலிகளில் ஒரு பட்டாலியன் திசை மாறிப்போய், பீரங்கி தொடாத முட்கம்பியில் மோதியது. வடக்கு முனையில் பேட்டரி தாமதமாக வந்ததால் ஜெர்மன் குழி ஒன்று சேதமே இல்லாமல் இருந்தது, அதை எதிர்த்துப் போன பிரிட்டிஷ் பட்டாலியன்கள் நாசம். மூன்று நாளில் இந்தியப் படையில் மட்டும் 4,000 பேருக்கு மேல் செத்தும் காயம்பட்டும் போனார்கள். எதிரி எங்கே இருக்கிறான் என்று படம் காட்டியது. தாக்குதல் தொடங்கியபின் நம் ஆள் எங்கே இருக்கிறான் என்பதுதான் தெரியவில்லை. இந்தக் குறை போர் முடியும்வரை முழுசாகத் தீரவில்லை.

படத்தைப் படிப்பது தனிக் கலையாயிற்று. புல்லில் பத்துப் பேர் நடந்தாலே வெளிறிய கோடாகத் தெரியும். ஒரு கோடு நேராக வந்து புதரில் முடிந்துபோனால், புதருக்குள் ஏதோ இருக்கிறது. பீரங்கியை வலைபோட்டு மறைத்து வைத்திருப்பார்கள், ஆனால் சுடும்போது வரும் அனல் முன்னால் இருக்கும் புல்லை விசிறி வடிவில் கருக்கிவிடும். மறைக்க மறந்தது பீரங்கியை இல்லை, கருகிய புல்லை. இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டீரியோஸ்கோப்பில் பார்த்தால் மேடு பள்ளம் எழுந்து நிற்கும். இதையெல்லாம் சாவகாசமாக மேஜையில் உட்கார்ந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால்தான் அந்தப் போர் எவ்வளவு புதுசு என்று புரிகிறது.

இவ்வளவு பார்க்கிறவனை எதிரி சும்மா விடுவானா? இங்கேதான் சண்டை விமானம் வருகிறது. முன்னால் சுடுவதுதான் சுலபம், ஆனால் முன்னால் விசிறி சுற்றுகிறது. ரோலான் காரோஸ் என்ற பிரெஞ்சு விமானி விசிறியில் எஃகுத் தகடு பொருத்தி, மோதும் ரவை தெறித்துப் போகட்டும் என்று 1915 ஏப்ரலில் துணிந்து சுட்டார். அதே மாதம் ஜெர்மன் பக்கம் இறங்க நேர்ந்து விமானத்தோடு பிடிபட்டார். அடுத்து ஃபோக்கர் நிறுவனம் செய்தது நேர்த்தியான வேலை. விசிறியோடு சேர்ந்து சுற்றும் ஒரு கேம் (cam, ஒரு பக்கம் புடைத்த சக்கரம்), துப்பாக்கியின் விசையோடு இணைந்திருக்கும். துப்பாக்கிக்கு எதிரே விசிறியின் இலை இல்லாத நேரத்தில் மட்டும் சுடும். 1915 கோடையிலிருந்து இம்மல்மான், பெல்க்கே என்ற ஜெர்மன் விமானிகள் இதை வைத்துக்கொண்டு, ஆடாமல் அசையாமல் பறந்த அந்த பி.இ.2சி-க்களை வேட்டையாடினார்கள். பார்ப்பதற்கு வசதியான குணமே சாவதற்கும் வசதியாகப் போயிற்று. 1916 ஜனவரியில் பிரிட்டிஷ் தலைமை ஓர் உத்தரவு போட்டது: வேவு பார்க்கும் விமானம் ஒன்று போனால் குறைந்தது மூன்று சண்டை விமானங்கள் துணைக்குப் போக வேண்டும். சண்டை விமானத்தின் உத்தியோகம் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். பிரான்சின் வெர்டன் யுத்தத்தில் ஜெர்மானியர்கள் வானத்தை அடைத்தபோது, "வானத்தைத் துடைத்துக் கொடு, நான் குருடாகிவிட்டேன்" என்று தளபதி பெத்தேன், த ரோஸ் என்ற விமானப்படை அதிகாரியிடம் சொன்னதாகப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வார்கள்.

நடுவே ஒரு சின்ன விஷயம். அந்தக் காலச் சண்டை விமானங்கள் பலவற்றில் ரோட்டரி என்ஜின். என்ஜினே விசிறியோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோல் கலவை அதன் வயிற்றுக்குள்ளேயே போவதால், பெட்ரோலில் கரையாத மசகு எண்ணெய் வேண்டும். விளக்கெண்ணெய்தான் அதற்குப் பொருத்தம். எரியாத எண்ணெய் அப்படியே வெளியே தெறித்து, ஓட்டுகிறவன் முகம், கண்ணாடி, மூக்கு, வாய் எல்லாம் படியும். மணிக்கணக்கில் அதைச் சுவாசித்து, விழுங்கி இறங்குவான். அதன் பலன் என்ன என்று நம் வீட்டுப் பாட்டிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆமணக்கு விதையை உலகத்துக்கு அதிகம் ஏற்றுமதி செய்த நாடு அப்போது இந்தியா. நாயகர்களின் படங்களில் கழுத்தைச் சுற்றி இருக்கும் பட்டுத் துணி கழுத்து உராயாமல் இருக்கவும், எண்ணெய் துடைக்கவும்தான்.

இனி நண்பரின் கேள்விக்கு நேரடியாக வருகிறேன். 1917 ஏப்ரல். பிரிட்டிஷ் படை பிரான்சின் அராஸில் தாக்குகிறது. ஜெர்மானியர்களிடம் அல்பட்ராஸ் என்ற அருமையான விமானம், அதை ஓட்ட ரிக்டோஃபனின் யாஸ்டா 11 என்ற சண்டை விமானப் பிரிவு. பிரிட்டிஷாரிடம் இன்னமும் அந்தப் பழைய பி.இ.2-க்கள். ஒரே மாதத்தில் பிரிட்டிஷார் இழந்தது 245 விமானங்கள். விமானிகளில் 211 பேர் செத்தார்கள் அல்லது காணாமல் போனார்கள், 108 பேர் சிறைப்பட்டார்கள். ஜெர்மன் இழப்பு 66 விமானங்கள். ரிக்டோஃபன் ஒருவர் மட்டும் வீழ்த்தியது 21. காற்று வேறு பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். அடிபட்ட பிரிட்டிஷ் விமானம் திரும்பி வர எதிர்க்காற்றில் திணற வேண்டும். 'ரத்த ஏப்ரல்' என்று பெயரே வந்துவிட்டது. எந்த அளவுகோலில் பார்த்தாலும் ஜெர்மன் வெற்றி.

ஆனால் அதே ஏப்ரல் 9 அன்று விமி குன்றைக் கனடியப் படைகள் பிடித்தன. பிரெஞ்சுக்காரர்கள் 1915-ல் பெரும் உயிர்ச்சேதத்தோடு முயன்றும் பிடிக்க முடியாத குன்று. தாக்குதலுக்கு முன்பே, எதிரே இருந்த 212 ஜெர்மன் பீரங்கிகளில் 176 எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்திருந்தார்கள். நூற்றுக்கு 83. வெடிச்சத்தத்தை மைக்கில் பிடித்து இடத்தைக் கணிப்பது, சுடும் ஒளியைப் பல இடங்களிலிருந்து பார்த்துக் கோடு போடுவது என்று வேறு வழிகளும் இருந்தன. ஆனால் படம் எடுத்ததும், திருத்திச் சுட வைத்ததும் அந்த மெதுவான விமானங்கள். அவை நாள்தோறும் சுடப்பட்டன, மறுநாளும் போயின. பிரான்சில் ராயல் ஃப்ளையிங் கோரின் தளபதி ட்ரென்சார்ட் இரக்கமில்லாமல் அனுப்பினார், அதற்காக இன்றும் அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்த மனுஷன் மேல் பெரிய பிரியம் கிடையாது. பைலட்டுகளுக்குப் பாராசூட்கூடக் கொடுக்கவில்லை. பலூனில் தொங்கிப் பார்ப்பவர்களுக்கு மட்டும் இருந்தது. ஆனால் குன்று பிடிபட்ட அன்று காலையில் அந்த ஜெர்மன் பீரங்கிகளில் பெரும்பாலானவை வாய் திறக்க முடியவில்லை. ரிக்டோஃபனின் பட்டியலில் இரண்டு இருக்கை விமானங்கள் ஏராளம், அதாவது அவர் சரியான இலக்கைத்தான் அடித்தார். போதுமான அளவு அடிக்க முடியவில்லை. தடுக்க வந்தவன் எத்தனை பேரைத் தடுத்தான் என்பதைவிட எத்தனை பேர் அவனைத் தாண்டிப் போனார்கள் என்பதுதான் கணக்கு. அராஸ் தாக்குதலும் அப்புறம் வழக்கம்போல் சேற்றில் சிக்கி நின்றது என்பது வேறு கதை.

குண்டுவீச்சு? ஜெர்மனியின் செப்பலின் ஆகாயக்கப்பல்கள் 1915 ஜனவரியிலிருந்து இங்கிலாந்து மேல் வந்தன. 1917 ஜூன் 13 அன்று ஜெர்மனியின் கோத்தா குண்டுவீச்சு விமானங்கள் பட்டப்பகலில் லண்டனில் 162 பேரைக் கொன்றன. அதில் 18 பேர் பாப்லர் பகுதியில் ஒரே பள்ளிக்கூடத்துச் சின்னக் குழந்தைகள். போர் முழுவதிலும் வானத் தாக்குதலில் பிரிட்டனில் செத்தவர்கள் சுமார் 1,400 பேர். பிரான்சில் 1916-ல் நடந்த சொம் யுத்தத்தின் முதல் நாளில் மட்டும் 19,000 பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு மேல் செத்தார்கள். ஆனால் அந்த 1,400 பேர் அரசாங்கத்தை அசைத்த மாதிரி இந்த 19,000 பேர் அசைக்கவில்லை. லண்டன் தாக்குதலின் அதிர்ச்சியில் தென்னாப்பிரிக்கத் தளபதி ஸ்மட்ஸ் தலைமையில் ஆராய்ந்து, 1918 ஏப்ரல் 1 அன்று தரைப்படைக்கும் கடற்படைக்கும் கட்டுப்படாத ராயல் ஏர் ஃபோர்ஸை உண்டாக்கினார்கள்.

விமானத்தால் முடியாதவையும் நிறைய. 1916 ஏப்ரலில் இராக்கின் குட் நகரில் முற்றுகையிடப்பட்ட படைக்கு, அதில் பெரும்பாலோர் இந்தியர்கள், வானிலிருந்து சாப்பாடு போட்டுப் பார்த்தார்கள். உலகத்தில் அப்படி முதல்முறை. இரண்டு வாரத்தில் போட்டது ஏழரை டன் மாதிரி. உள்ளே இருந்தவர்கள் 13,000 பேர். தலைக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், இரண்டு வாரத்துக்கும் சேர்த்து. அதிலும் ஒரு பங்கு ஆற்றிலும் துருக்கியர் பக்கமும் விழுந்தது. ஏப்ரல் 29 அன்று சரணடைந்தார்கள். 1918 ஆகஸ்டில் பிரான்சின் அமியானில் ஜெர்மானியர் பின்வாங்கும் பாலங்களை உடைக்க விமானங்களைச் சரமாரியாக அனுப்பினார்கள். குண்டு சின்னது, பாலம் கெட்டி. பாலங்கள் நின்றன, விமானங்கள் விழுந்தன.

ஆனால் எதிர்த்துச் சுட ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை ஆறு வாரம் கழித்துப் பாலஸ்தீனத்தில் பார்த்தார்கள். 1918 செப்டம்பர் 21. துருக்கியின் ஏழாம் படை நப்லூஸிலிருந்து ஜோர்டான் பக்கம் பின்வாங்கும்போது வாடி ஃபாரா என்ற மலையிடுக்குப் பாதையில் மாட்டிக்கொண்டது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் பள்ளம். விடியற்காலை வேவுக்குப் போன ஆஸ்திரேலிய விமானிகள் பார்த்துச் சொன்னார்கள். முதலில் வந்தவர்கள் வரிசையின் தலையில் குண்டு போட்டுப் பாதையை அடைத்தார்கள். அப்புறம் மூன்று நிமிஷத்துக்கு இரண்டு விமானம் என்று முறைவைத்து வந்துகொண்டே இருந்தன. குண்டு தீர்ந்தால் இயந்திரத் துப்பாக்கி, அதுவும் தீர்ந்தால் திரும்பிப் போய் நிரப்பிக்கொண்டு வருவது. எதிர்க்க ஜெர்மன் விமானம் ஒன்றும் வரவில்லை. தரைப்படை வந்து பார்த்தபோது எண்பது தொண்ணூறு பீரங்கிகளும் ஐம்பதுக்கு மேற்பட்ட லாரிகளும் நூற்றுக்கணக்கான வண்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. விமானிகளில் சிலருக்கு அன்று செய்த வேலை குமட்டியது என்று பதிவுகள் இருக்கின்றன. பீரங்கிக்குப் பார்த்துச் சொன்ன நான்கு வருஷம் போய், பார்த்தவனே அடித்த நாள் அது.

போர் முடிந்ததும் ராயல் ஏர் ஃபோர்ஸைக் கலைத்துவிடலாம் என்று தரைப்படையும் கடற்படையும் நச்சரித்தன. உயிரோடு இருக்க ஒரு வேலை வேண்டும், மலிவான வேலையாக வேண்டும். ட்ரென்சார்ட் காலனிகளைக் காட்டினார். 1920-ல் சோமாலிலாந்தில், இருபது வருஷமாகப் பிரிட்டிஷாரை அலைக்கழித்த முகமது அப்துல்லா ஹசனின் கோட்டைகள் மேல் 12 விமானங்கள். மூன்று வாரத்தில் முடிந்தது, செலவு 77,000 பவுண்டு என்று கணக்குக் காட்டினார்கள். கூடவே ஒட்டகப்படை நடந்து போனதைக் கணக்கில் அடக்கி வாசித்தார்கள். 1922-ல் இராக்கின் பாதுகாப்பே விமானப்படை கைக்குப் போனது.

அதற்கெல்லாம் முன்பு, பஞ்சாப். ராயல் ஏர் ஃபோர்ஸில் கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் என்று ஒரு பையன் இருந்தான். 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் பத்து ஜெர்மன் விமானங்களை வீழ்த்திவிட்டு, 22-ஆம் தேதி பிரான்சில் சுடப்பட்டு இறந்தான். வயது 19. அவன் செத்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 1919 ஏப்ரல் 14, ஜாலியன்வாலா பாகுக்கு மறுநாள், குஜ்ரன்வாலாவில் கலவரம். ரயில் பாதை அறுபட்டிருந்ததால் படை போக முடியவில்லை. லாகூரிலிருந்து ராயல் ஏர் ஃபோர்ஸ் விமானங்கள் போயின, அவற்றில் பழைய பி.இ.2சி-யும் உண்டு. கார்பெரி என்ற அதிகாரி ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தின் அருகே நூற்றைம்பது பேர் போவதைப் பார்த்து மூன்று குண்டு போட்டார், ஓடியவர்களை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார். அப்புறம் ஊருக்குள் கால்சா பள்ளி விடுதி மேல் போட்டார். அவர்கள் யார், எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்று மேலேயிருந்து கேட்க வழியில்லை. ஹன்டர் விசாரணைக் குழு பிறகு அவரைக் கூப்பிட்டு, ஓடுகிறவர்களை ஏன் சுட்டீர்கள் என்று கேட்டது. அவர்களுடைய நன்மைக்காகத்தான் செய்தேன், சிலரைக் கொன்றால் மறுபடி கூடிக் குஜ்ரன்வாலாவுக்குச் சேதம் செய்ய வரமாட்டார்கள் என்று பதில் சொன்னார்.